திறக்காத சிப்பியும் விலை தெரியாத துப்பாக்கியும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் 2020ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் செய்தியாக வெளிவந்தது. பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாயைக் கைபேசி விளையாட்டில் செலவழித்துவிட்ட சிறுவனை, 1 முதல் 90 ஆயிரம் வரை எண்களை எழுதும்படி தந்தை பணித்தார். இது என்ன தண்டனை என்று அப்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தண்டனையின் பொருத்தம் எனக்குப் புரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் உள்ள அக்கா வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அக்கா மகன் கைபேசியோடு திண்ணையில் கிடந்தான். வயது பதினான்கு. புதிதாக வாங்கிய துப்பாக்கி ஒன்றைத் திரையில் காட்டினான். குழாயின் மேல் நீலத் தீ எரிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. “வெறும் கலர் மட்டும் இல்ல மாமா, இதுல சுட்டா டேமேஜும் கூட” என்றான். எவ்வளவு என்று கேட்டேன். காயின் கணக்கில் ஓர் எண்ணைச் சொன்னான். ரூபாயில் எவ்வளவு என்றேன். யோசித்தான், பதில் வரவில்லை. அவன் மறைக்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை.

கட்டணமின்றி விளையாடக் கிடைக்கும் இத்தகைய விளையாட்டுகளின் வருமானம் பெருமளவு இந்தச் சிறப்புப் பொருள்களிலிருந்தே வருகிறது. அவற்றை வடிவமைப்பவர்களுக்கு ஓர் இக்கட்டு உண்டு. விற்கும் பொருள் வெறும் அலங்காரமாக இருந்தால் பலர் வாங்க மாட்டார்கள். ஆட்டத்தில் வெல்லும் வலிமையைத் தந்தால் வாங்குவார்கள். ஆனால், பணம் கொடாதவர்கள் தோற்றுத் தோற்று வெளியேறிவிடுவார்கள். அவர்கள் போய்விட்டால், வாங்கியவர் யாரிடம் காட்டி மகிழ்வார்? திருவிழாவில் பட்டுச் சட்டை அணிந்தவருக்குச் சாதாரணச் சட்டை அணிந்தவர்களின் கூட்டம் தேவைப்படுவதைப் போல, காசு கொடுத்து விளையாடுபவருக்குக் காசு கொடாதவர் தேவைப்படுகிறார். இந்தத் தராசை நேராக நிறுத்துவதுதான் அந்தத் தொழிலின் நுட்பம். இந்தியாவில் பரவலாக ஆடப்படும் பிஜிஎம்ஐயில் துப்பாக்கியின் மேற்பூச்சான ‘ஸ்கின்’ தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது. ஃப்ரீ ஃபயரிலோ பல ஸ்கின்கள் துப்பாக்கியின் தாக்கும் திறன், வேகம் போன்றவற்றையும் மாற்றுகின்றன.

தராசு சாய்ந்தால் என்னவாகும் என்பதற்கு 2017 நவம்பரில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2’ சான்று. டார்த் வேடர் போன்ற நாயகப் பாத்திரங்களைப் பெற நெடுநேரம் ஆட வேண்டும் அல்லது பணம் கட்டிப் பெட்டிகளைத் திறந்து சீக்கிரம் முன்னேறலாம் என்ற ஏற்பாடு, முழு விலை கொடுத்து ஆட்டத்தை வாங்கியவர்களையே கொதிக்க வைத்தது. அதைத் தயாரித்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், வெளியீட்டுக்கு முந்தைய நாள் அந்த விற்பனையை நிறுத்திவைத்தது. வலிமையை விற்பதில் உள்ள அநீதி ஆடுபவர் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் எதிர்ப்பும் வருகிறது. விலையிலும் வாய்ப்பிலும் உள்ள அநீதி அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. என் கவலை இந்த இரண்டாவதைப் பற்றியது.

ராமேசுவரம் கடைகளில் சங்கு வாங்கியவர்களுக்குத் தெரியும்: வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் ஒரே உயிரினத்தின் ஓடுதான். சுழி திசை மாறியது அபூர்வம் என்பதால் விலை எங்கோ போய்விடுகிறது. (அதனாலேயே வேறு நாட்டுச் சங்குகளை வலம்புரி என்று விற்கும் ஏமாற்றும் நடக்கிறது.) அங்கே அருமையைத் தீர்மானிப்பது கடல். விளையாட்டில் அதைத் தீர்மானிப்பது நிரலில் எழுதப்பட்ட ஓர் எண். நூறில் ஒருவருக்கா, ஆயிரத்தில் ஒருவருக்கா என்பதை நிறுவனம் நினைத்தபோது மாற்றலாம். இன்று அபூர்வமாக இருப்பதைவிட வலிமையான இன்னொன்றை அடுத்த மாதமே இறக்கி, பழையதை மதிப்பிழக்கச் செய்யவும் முடியும்.

இந்தக் கரைக்குப் பழக்கமான இன்னொரு வணிகமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் குவித்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். ராமநாதபுரம் சேதுபதிகளுக்கும் அந்த முத்துக்குளிப்பில் படகு விடும் உரிமை இருந்தது. ஏலம் எடுத்தவருக்குள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாது. இன்றைய விளையாட்டுகளில் பணம் கட்டித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியும் இதேதான் என்று தோன்றலாம். ஆனால், ஆங்கிலேயர் ஆட்சிக்கால முத்துக்குளிப்பில் ஒரு முறை பின்பற்றப்பட்டது. முன்கூட்டியே மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று அரசு அறிவித்தது. வணிகர்கள் அதை வைத்து ஏலம் கேட்டார்கள். சூதின் சாயல் அதில் இருந்தது; எனினும் இருவர் கையிலும் ஒரே தகவல் இருந்தது. சிப்பிக்கு ஏலம் கேட்பவரின் பலவீனம் தெரியாது. செயலிக்கோ எந்த நேரத்தில் யார் வாங்கினார்கள், எத்தனை முறை தோற்ற பிறகு வாங்கினார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

காயினின் பங்கும் இதில் பெரிது. ரூபாயைக் காயினாக மாற்றியதும் அது பணமாகத் தோன்றுவதில்லை. பொருளின் விலைக்குச் சரியாகக் காயின் வாங்க முடியாதபடி கட்டுகள் அமைக்கப்படுவது வழக்கம், கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு கட்டு வாங்குவோம். 90 ஆயிரத்தை எழுதச் சொன்ன தந்தை, இந்த மாற்றத்தில் தொலைந்த எண்ணை மகன் கையில் திருப்பிக் கொடுத்தார் என்றே இப்போது நினைக்கிறேன்.

பிற நாடுகள் இதைக் கவனிக்கத் தொடங்கி வெகுநாளாகிறது. குலுக்கலில் கிடைக்கும் பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பெரும் பரிசு என்ற முறையை ஜப்பான் 2012இல் தடுத்தது. கிடைக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சில விளையாட்டுகளின் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் ஆணையம் 2018இல் முடிவு செய்தது. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்கக் கூடாது, வாய்ப்பையும் காயினின் உண்மையான பண மதிப்பையும் தெரிவிக்க வேண்டும் என்பவை அந்த உடன்பாட்டின் நிபந்தனைகள்.

நம் நாட்டிலும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் சிறார்களைத் தடுத்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடவும் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அத்தகைய பண விளையாட்டுகளையே தடைசெய்தது. ஆனால், இச்சட்டங்களின் பார்வை பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டத்தின் மீது இருக்கிறது. ராமநாதபுரத்துச் சிறுவன் எதையும் ஜெயிக்க முடியாத ஆட்டத்தில் அல்லவா 90 ஆயிரத்தை இழந்தான்? ரம்மியில் தோற்றவருக்காவது வெல்லும் வாய்ப்பு ஒன்று இருந்தது.

தடை கேட்டு இதை எழுதவில்லை. 2020இல் தடைசெய்யப்பட்ட பப்ஜி மறு ஆண்டே வேறு பெயரில் திரும்பியதைப் பார்த்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் ரூபாய் விலை, குலுக்கல் என்றால் வாய்ப்பின் அளவு, சிறாருக்குக் குலுக்கல் விற்பனை கூடாது, பெற்றோர் அறியாமல் நடந்த கொள்முதலுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் வழி. இவற்றைச் செய்ய விளையாட்டின் அழகையோ சுவாரசியத்தையோ குறைக்க வேண்டியதில்லை.

அன்று மாலை அக்கா மகனும் நானும் பழைய நோட்டு ஒன்றில் கணக்குப் போட்டோம். துப்பாக்கி நேரடி விற்பனையில் கிடைத்ததல்ல, ‘ஸ்பின்’ சுற்றிக் கிடைத்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. எத்தனை சுற்று என்பதை நினைவுபடுத்திச் சொல்லிக்கொண்டே வந்தான். கூட்டிப் பார்த்ததில் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. தடைக்காலத்துக்கு அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அவன் அந்த எண்ணின் மேல் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னடா கணக்கு?” என்றார். நாங்கள் இருவருமே பதில் சொல்லவில்லை.