நெடுஞ்சாலை விபத்தும் நஷ்ட ஈடும்

சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பெருஞ்சாலைகள் கிருஷ்ணகிரியில் கூடி, சூளகிரி, ஓசூர் வழியாகக் கர்நாடக எல்லையை அடைகின்றன. நமது தக்காளியும் கொத்தமல்லியும் பெங்களூருச் சந்தைக்குச் செல்வதும், நம் இளைஞர் சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் செல்வதும் இச்சாலை வழியேதான். 2016 ஜூனில் சூளகிரிக்கு அருகே லாரியும் பேருந்தும் மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார். உயிர் தப்பினும் கையோ காலோ இழந்தவரின் குடும்பம், சட்டம் அளிக்கும் உரிமையை அறியாமையால் நிலத்தை ஈடு வைக்க நேரிடுகிறது. ஆதலின் அவ்வுரிமைகளை இங்கு சுருக்கமாகக் கூறுவோம்.

முதற் கடமை

காயமுற்றவரை உடனே மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும். நல்லெண்ணத்துடன் உதவுவோரைச் சட்டம் பாதுகாக்கிறது, அஞ்ச வேண்டுவதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம்.

அடுத்தது போலீஸ் பதிவு. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புதல் வேண்டும். இவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க.

வழக்கு எங்கே?

“லாரி கர்நாடகத்தது, மோதியதும் அத்திப்பள்ளியில், நாம் பெங்களூருக்கு அலைய இயலுமா?” என்று பலர் கைவிட்டுவிடுகின்றனர். அவ்வாறு கைவிட வேண்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நிகழ்ந்த இடத்திலோ, மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் புரியும் இடத்திலோ, எதிர்தரப்பினர் வாழும் இடத்திலோ மனுச் செய்யலாம். எனவே நம் மாவட்டத்தில் குடியிருப்பவர் நம் மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்துகொள்ளலாம். விபத்து நிகழ்ந்த 6 மாதங்களுக்குள் மனுச் செய்க என்கிறது சட்டம், தாமதம் கூடாது.

இரண்டு வழிகள்

164-ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று மெய்ப்பிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் ரூபாய் பெறலாம். 166-ஆம் பிரிவில் எதிரியின் தவறு காட்டப்பெறல் வேண்டும். ஆனால் உண்மையான இழப்பு முழுவதற்கும் ஈடு கேட்கலாம். முதல் வழியில் தொகையை ஏற்றுக்கொண்டால், இரண்டாம் வழியில் தொடுத்த மனு அற்றுப்போகும். ஆகவே கையொப்பமிடுமுன் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம்.

ஓர் உதாரணம் காண்போம். 38 வயதுடைய ஒரு விவசாயியின் மாத வருமானம் ரூ. 10,000; விபத்தினால் உழைக்கும் திறனில் 30 சதவீதம் இழந்தார் எனக் கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ. 1,20,000. சொந்தத் தொழில் புரியும் 40 வயதுக்குட்பட்டோருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் ரூ. 1,68,000. அதில் 30 சதவீதம் ரூ. 50,400. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக வருமான இழப்பு மட்டுமே ரூ. 7,56,000. மருத்துவச் செலவும் வேதனைக்குரிய ஈடும் இதற்கு மேல்.

வருமானத்துக்கு எழுத்துச் சான்று இல்லையே என மனந்தளர வேண்டா. காலிழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், ஆவணம் இல்லாதிருந்தும் உச்சநீதிமன்றம் 2014-இல் மாத வருமானம் ரூ. 6,500 எனவும், திறன் இழப்பு 85 சதவீதம் எனவும் கொண்டது. எனினும் கமிஷன் மண்டிச் சீட்டு, பால் கூட்டுறவுச் சங்கப் புத்தகம், மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல் நன்று.

மோதிய வாகனம் இன்னதென்றே தெரியாவிடில், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. இதற்குரிய மனுவை வருவாய்த்துறை விசாரணை அதிகாரியிடம் அளித்தல் வேண்டும். மாவட்ட ஆட்சியர் முடிவு செய்வார்.

நம் பொறுப்பு

பிறர் வாகனத்தின் இன்ஷூரன்ஸைக் கேட்கும் நாம், நமது டிராக்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அதனைத் தவறாது புதுப்பித்தல் வேண்டும். அஃது இல்லையேல் ஈட்டுத்தொகை உரிமையாளர் தலையில் விழும்; நிலமும் ஜப்திக்கு உள்ளாகலாம். டிராக்டரின் மட்கார்டிலும் டிரெய்லரிலும் கூலியாட்களை ஏற்றிச் செல்வதும் இத்தகைய இடருக்கே வழிகோலும்.

ஊராட்சிப் பொறுப்பாளர் செய்யத்தக்கது யாது? சாலையோரத்தில் சில ஆயிரங்களுக்கு ‘ராஜி’ பேசுவோரிடமும், வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்கும் தரகரிடமும் மக்கள் சிக்காவண்ணம் எச்சரிப்பதாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வதும் நல்வழியே. ஆனால் அதன் முடிவின்மேல் அப்பீல் இல்லை என்பதை முன்னரே உணர்தல் வேண்டும்.

கிராம சபைக் கூட்டமொன்றில் இச்செய்திகளைப் படித்துக் காட்டுவீர்களாயின், ஒரு குடும்பத்தின் நிலமேனும் காப்பாற்றப்படும்.