விரலளவு வீரன்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் நாட்டிங்காம் என்னும் நகரம் உள்ளது. ராபின் ஹூட் கதை படித்த மாணவர் அப்பெயரை அறிவர். கலைஞர் பலர் இந்நாளில் அந்நகரை நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கேம்ஸ் ஒர்க்ஷாப் என்னும் நிறுவனம், கற்பனைப் போர் விளையாட்டுக்குரிய சிற்றுருவங்களை அங்கிருந்து ஆக்கி விற்கின்றது. அவ்வுருவங்களைத் திருத்தி வண்ணம் தீட்டுவோர்க்கென 1987-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு போட்டியைத் தொடங்கிற்று. 'கோல்டன் டீமன்' என்பது அதன் பெயர். பொற்பூதம் என்பது அதன் பொருள்.

பொம்மைப் படைகளைக் கொண்டு போர் ஆடுதல் அந்நாட்டார்க்குப் புதிதன்று. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-ஆம் ஆண்டிலேயே அதற்கு விதிகள் வகுத்து நூல் வெளியிட்டார். பின்வந்தோர் பூதங்களையும் குள்ள மறவரையும் தீயுமிழும் சிறகு நாகங்களையும் களத்தில் இறக்கினர். இவற்றுள் மனித உரு ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அதாவது, நம் கட்டைவிரலின் மேற்கணு அளவே.

குள்ள மறவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அச்சில் வார்த்த அவன் உருவங்கள் ஆயிரமும் கோடரியை ஓங்கியபடி ஒரே வகையாக நிற்கும். நம் கலைஞனோ, போர் முடிந்து களைத்து நிற்கும் மறவனைப் படைக்க விரும்புகின்றான். ஆகவே, ஓங்கிய கையைத் தோளோடு அரிந்தெடுக்கின்றான். தோளிலும் கையிலும் நுண்ணிய துளையிட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகி, கையைத் தாழ்த்தி ஒட்டுகின்றான். வேலை இத்துடன் முடிந்ததா? இல்லை. கை தாழ்ந்தால் தோள் தாழவேண்டும். தோள் தாழ்ந்தால் கழுத்துச் சாயவேண்டும். உடலின் பாரம் ஒரு காலில் இறங்கவேண்டும். தலையை நிமிர்ந்தவாறே விட்டுவிட்டால் களைப்புத் தோன்றாது; கை முறிந்தவன் போலத் தோன்றும்.

வெட்டிய இடத்தை நிரப்ப எபாக்சிப் பசை உதவுகின்றது. நீலமும் மஞ்சளுமான இரு பகுதிகளைப் பிசைந்தால் பச்சை நிறக் களி கிடைக்கும். குழாயின் ஒழுக்கை அடைக்க நம்மவர் பயன்படுத்தும் இருபகுதிப் பசையும் இவ்வினத்ததே. பிசைந்தபின் ஏறத்தாழ ஒரு மணி நேரமே அது கைக்கு இணங்கும். பின்னர் மெல்ல இறுகத் தொடங்கும். கருவியை நீரில் தோய்த்துக்கொள்ளாவிடின் களி கருவியோடு ஒட்டி வந்துவிடும். தேர்ந்தவன் முதலில் தசையை மட்டும் அமைத்து, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் ஆடையை அமைப்பான். பொறுமை இல்லாதவன் இரண்டையும் ஒருங்கே முடிக்க முயல்வான். ஆடையின் மடிப்பைத் திருத்தும்போது அவன் விரல் தோளை நசுக்கிவிடும்.

இனி வண்ணம். இங்கேதான் இக்கலையின் நுட்பம் முழுதும் அடங்கியிருக்கின்றது. பெரிய சிலைக்கு ஞாயிறே நிழல் தரும். விரலளவு உருவத்திலோ மேடு பள்ளங்கள் மிகச் சிறியன. இயற்கை ஒளி அவற்றில் விழுந்து உண்டாக்கும் நிழல் நம் கண்ணுக்குப் போதாது. ஒரே நிறத்தைப் பூசினால் முகம் வெறும் கட்டியாகவே தோன்றும். ஆதலால் ஒளியையும் நிழலையும் கலைஞனே தீட்டவேண்டும். ஒளி எத்திசையிலிருந்து வருகின்றது என்று முதலில் முடிவு செய்துகொள்கின்றான். நீர் கலந்து நெகிழ்த்திய வண்ணத்தைப் பல முறை மெல்லியதாகப் பூசி, மடிப்பின் அடியை இருளச் செய்து, மேட்டைச் சிறிது சிறிதாக வெளிறச் செய்கின்றான். கோடரியின் இரும்புக்குக்கூட உலோகப் பொடி கலந்த வண்ணத்தை விலக்குவோர் உண்டு. கருஞ்சாம்பலில் தொடங்கி வெண்மையில் முடித்து, இல்லாத பளபளப்பை இருப்பதாகக் காட்டுகின்றனர். இது பொய்யன்றோ எனின், பொய்யே. ஆயினும் மெய்யான பளபளப்பு காண்போன் நகர நகரத் தானும் நகரும். தீட்டிய ஒளி ஓவியன் வைத்த இடத்திலேயே நிற்கும். எனக்கு இவ்வழியே உயர்ந்ததாகத் தோன்றுகின்றது.

கண்ணைத் தீட்டுதல் மிகக் கடினம். கருமணி மயிரிழை விலகினாலும், களைத்த மறவன் திகைத்த பேதையாக மாறிவிடுவான். இவ்வளவும் கடந்தபின் இறுதியில் மற்றோர் இடர் காத்திருக்கின்றது. வண்ணத்தைக் காக்க மெருகெண்ணெய்ப் பூச்சைத் தெளிப்பர். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அப்பூச்சு வெண்மூடுபனி போலப் படிந்துவிடும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் மங்கிப்போகும். மழை நாளில் அத்தெளிப்பானைத் தொடாமல் காத்திருப்போர் பலர்.

போட்டியில் பிரிவுதோறும் பொன், வெள்ளி, வெண்கலம் என மூன்று பரிசுகள் உண்டு. நடுவர் உருவத்தின் முன்புறத்தை மட்டும் நோக்குவதில்லை, முதுகையும் நோக்குவர், வெட்டி ஒட்டிய தடம் தெரிகின்றதா என்றும் ஆராய்வர். அனைத்திலும் சிறந்த படைப்புக்கு உரிய பரிசு 'ஸ்லேயர் சுவோர்டு' எனப்படும். கட்டைவிரற் கணுவளவு வீரனை ஆக்கியவன், மெய்யான பெருவாள் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி வீடு திரும்புகின்றான்.