தோல்வி தீட்டிய கண்

ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர் நிர்வாகத்திலும் சாதிப்பார் என்று நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட அணிகள் அமெரிக்கக் கூடைப்பந்தில் ஏராளம். மைக்கேல் ஜோர்டனே அதற்குச் சாட்சி. 2000-இல் வாஷிங்டன் விசார்ட்ஸ் அணியின் நிர்வாகத்துக்கு வந்தார் ஜோர்டன். மறு ஆண்டு, அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரை வேண்டுமானாலும் முதல் ஆளாக எடுக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. குவாமி பிரவுன் என்ற பள்ளி மாணவரை எடுத்தார். பிரவுன் அதன்பின் பல அணிகளில் ஆடினார். பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. உலகமே வியந்த ஆட்டக்காரருக்கு, இன்னொரு பையனின் ஆட்டம் எப்படி வளரும் என்று கணிக்கத் தெரியவில்லை.

அந்தக் கணிப்பில் ஜெர்ரி வெஸ்டை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்காக 1960 முதல் 1974 வரை 14 பருவங்கள் ஆடி, 14 முறையும் ஆல்-ஸ்டார் ஆனவர் அவர். ஆட்டத்துக்குச் சராசரியாக 27 புள்ளிகள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வின் சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வெள்ளை உருவம் வெஸ்ட்தான் என்று அதை வரைந்த ஆலன் சீகல் சொல்லியிருக்கிறார். என்பிஏ மட்டும் அதை முறைப்படி அறிவித்ததே இல்லை. இவ்வளவு இருந்தும், ஆட்டத்தை விட்ட பிறகு அவர் வாழ்ந்த காலமே என்னை அதிகம் ஈர்க்கிறது. அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள, அவர் எத்தனை முறை தோற்றார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1938-இல் மேற்கு வர்ஜீனியாவில் செல்யன் என்ற சிற்றூரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி. அப்பா கைநீட்டுவார். அவருக்குப் பயந்து கட்டிலுக்கடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கிய நாட்களைப் பற்றி 2011-இல் வெளிவந்த தன்வரலாற்றில் வெஸ்ட் எழுதினார். உயிருக்குயிரான அண்ணன் டேவிட் 1951-இல் கொரியப் போரில் இறந்தபோது தம்பிக்கு வயது 13. பக்கத்து வீட்டுக் கொட்டகையில் அடித்திருந்த ஒரு வளையமும் அதன் கீழே மண் தரையும்தான் அந்தப் பையனுக்குப் போக்கிடம். மழையிலும் சேற்றிலும் தனியாகப் பந்தெறிந்துகொண்டிருப்பான். கடைசி விநாடி, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம் என்று தனக்குத் தானே வர்ணனை சொல்லிக்கொண்டு எறிவான். பந்து உள்ளே போகாவிட்டால் கடிகாரத்தில் இன்னும் ஒரு விநாடி மீதமிருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

நிஜத்தில் அந்த ஒரு விநாடி கிடைக்கவில்லை. 1959-இல் அவர் ஆடிய மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தேசிய இறுதி ஆட்டத்தில் கலிபோர்னியாவிடம் 71-70 என்று ஒரே புள்ளியில் தோற்றது. மறு ஆண்டு ரோம் ஒலிம்பிக்ஸில் தங்கம் கிடைத்தது. அதே ஆண்டு லேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே ஒன்பது முறை இறுதித் தொடர் வரை போனார். எட்டு முறை தோல்வி. அதில் ஆறு, போஸ்டன் செல்டிக்ஸ் அணியிடம்.

1969 தோல்வி அவற்றில் மிகக் கொடியது. ஏழு ஆட்டத் தொடர் 3-3 என்று சமநிலையில். ஏழாவது ஆட்டம் லேக்கர்ஸின் சொந்த அரங்கில். வில்ட் சேம்பர்லைன் வந்து சேர்ந்திருந்த ஆண்டு. போஸ்டனின் பில் ரஸ்ஸலுக்கோ வயதாகிவிட்டது. வெற்றி உறுதி என்ற நினைப்பில் உரிமையாளர் ஜாக் கென்ட் குக், அரங்கின் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களை வலைபோட்டுக் கட்டிவைத்திருந்தார். வென்றதும் பலூன்கள் எப்படி இறங்கும், பேண்டு வாத்தியம் எப்போது ஒலிக்கும் என்று துண்டறிக்கையே அச்சிட்டார்கள். அதில் ஒன்று ரஸ்ஸல் கையில் கிடைத்தது. தன் வீரர்களுக்கு ஊக்கம் கொடுக்க அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் தொடைத்தசை பிடித்துக்கொண்ட காலோடு அன்று ஆடிய வெஸ்ட் 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் எடுத்தார். லேக்கர்ஸ் 108-106 என்று தோற்றது. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன. தொடரின் சிறந்த வீரர் விருதை வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். தோற்ற அணியிலிருந்து அந்த விருதைப் பெற்ற ஒரே ஆள் அவர்தான். பரிசாக ஒரு கார் வந்தது. அது செல்டிக்ஸ் அணியின் நிறமான பச்சையில் இருந்தது. அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வழியே இல்லை.

1972-இல் ஒருவழியாகக் கோப்பை கிடைத்தது. தொடர்ந்து 33 வெற்றிகள் என்று இன்றுவரை யாரும் முறியடிக்காத சாதனை படைத்த அணி அது. இறுதித் தொடரில் மட்டும் வெஸ்டின் எறிதல்கள் சரியாக விழவில்லை. தோற்றபோதெல்லாம் உயிரைக் கொடுத்து ஆடியவர், வென்றபோது சுமாராக ஆடினார். அந்த வெற்றியை அவரால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை.

1974-இல் குக்குடன் சம்பளப் பிரச்சினை, விலகினார். 1976 முதல் மூன்று பருவம் அதே அணிக்குப் பயிற்சியாளர். 145 வெற்றி, 101 தோல்வி. கணக்கு மோசமில்லை, ஆனால் தனக்கு இயல்பாக வந்ததெல்லாம் மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வேலை தனக்கு ஆகாது என்று அவரே கண்டுகொண்டு, வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஸ்கவுட் வேலைக்குப் போனார். 1982-இல் ஜெனரல் மேனேஜர் ஆனார்.

இந்தப் பதவி என்ன என்று சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் கையில் இருப்பவர்களை வைத்து ஆட்டத்தை நடத்துபவர். யார் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் ஜெனரல் மேனேஜர். டிராஃப்ட் என்பது நம் ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தை வீசி ஆள் பிடிக்கும் இடமில்லை. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் முன்வரிசையில் நிற்கும். வென்றவர்கள் மிச்சத்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் லேக்கர்ஸ் பெரும்பாலும் வரிசையின் கடைசியில். அங்கேதான் வெஸ்டின் கண் வேலை செய்தது. 1985-இல் 23-ஆவது ஆளாக ஏ.சி. கிரீன்; பின்னாளில் தொடர்ந்து 1,192 ஆட்டங்கள் ஆடியவர். 1989-இல் 26-ஆவது ஆளாக யூகோஸ்லாவியாவின் விளாடே டிவாட்ஸ். ஐரோப்பியர்களை என்பிஏ அணிகள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

மனதுக்குக் கசந்த முடிவுகளும் உண்டு. 1983-இல் ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளையான நார்ம் நிக்சனைக் கொடுத்துவிட்டு, பைரன் ஸ்காட் என்ற புதுமுகத்தை வாங்கினார். ஊரே திட்டியது, சக வீரர்களும் முகம் சுளித்தார்கள். ஸ்காட் மூன்று கோப்பைகளுக்குத் துணைநின்றார். முதலாவது 1985-இல், போஸ்டன் மண்ணிலேயே செல்டிக்ஸை வீழ்த்திப் பெற்றது. அதற்கு முன் எட்டு முறை இறுதித் தொடரில் மோதி எட்டிலும் லேக்கர்ஸ் தோற்றிருந்தது. அதில் ஆறு வெஸ்டின் சொந்தக் காயங்கள்.

அதே ஊரில் அதே வேலையைச் செய்த இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் வெஸ்டின் புகழ் ஒருதலைப்பட்சமாகிவிடும். எல்ஜின் பேய்லர், அறுபதுகளில் வெஸ்டோடு தோளோடு தோள் நின்ற லேக்கர்ஸ் வீரர். எட்டு இறுதித் தொடர்களில் ஆடி ஒன்றில்கூட வெல்லாதவர். 1986 முதல் 22 ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர். அத்தனை ஆண்டுகளில் தோல்வியைவிட வெற்றி கூடுதலாக வந்த பருவங்கள் இரண்டே. பேய்லரும் தப்பு செய்தார். 1998-இல் முதல் ஆளாக மைக்கேல் ஒலோவோகாண்டியை எடுத்தது அதில் பெரியது. ஆனாலும் அவர் மீது மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. வெஸ்டுக்கு வாய்த்த உரிமையாளர் ஜெர்ரி பஸ். அணிக்காகச் செலவழிக்கத் தயங்காதவர், நிபுணர்களை நம்பி விட்டுவிடுபவர். பேய்லருக்கு வாய்த்தவர் டொனால்ட் ஸ்டெர்லிங். கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர், பின்னாளில் இனவெறிப் பேச்சுக்காக என்பிஏ ஆயுள் தடை விதித்த ஆள். வெஸ்டின் கண் பேய்லருக்கே இருந்திருந்தாலும் அந்த வீட்டில் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

1991 நவம்பரில் லேக்கர்ஸின் நட்சத்திர வீரர் மேஜிக் ஜான்சன் எச்ஐவி தொற்றை அறிவித்து விலகியதும் அணி சரிந்தது. 1993-94-இல் 33 வெற்றிகள்தான். இரண்டாம் சுற்றில் 37-ஆவது ஆளாகப் பிடித்த நிக் வான் எக்செல், மறு ஆண்டு எடுத்த எடி ஜோன்ஸ் இருவரையும் முன்னிறுத்தி அடுத்த பருவமே 48 வெற்றிகளுக்கு வந்தார்கள். சிறந்த நிர்வாகி விருது வெஸ்டுக்கு.

பிறகு 1996. ஃபிலடெல்ஃபியா பக்கத்துப் பள்ளி மாணவன் ஒருவன் லாஸ் ஏஞ்சலிஸில் திறமை காட்ட வந்தான். ஆட்டத்தை விட்டிருந்த முன்னாள் லேக்கர்ஸ் வீரர் மைக்கேல் கூப்பரை அவனுக்கு எதிரே நிறுத்தினார்கள். கூப்பருக்கு வயது 40. ஆனால் தன் காலத்தில் தற்காப்பு ஆட்டத்துக்கு விருது வாங்கியவர். பையன் அவரைத் திணறடித்தான். பார்த்தது போதும் என்று வெஸ்ட் பாதியிலேயே எழுந்துவிட்டார். பையனின் பெயர் கோபி பிரையன்ட், வயது 17. கையெழுத்துப் போட பெற்றோரும் வர வேண்டியிருந்தது. ஜோர்டன் பின்னாளில் எடுத்தவரைப் போலவே நேரே பள்ளியிலிருந்து வந்தவன்தான். ஒரே விதமான சூதாட்டம், இருவருக்கும் வேறு வேறு விளைவு. இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தனியாகச் சேற்றில் பந்தெறிந்த சிறுவனுக்கு, இன்னொருவனின் அசைவில் எத்தனை மணி நேர உழைப்பு ஒளிந்திருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்?

கோபியை 13-ஆவது ஆளாக எடுத்தது சார்லட் ஹார்னெட்ஸ். அவரைப் பெற டிவாட்ஸைக் கொடுத்தார் வெஸ்ட். இதில் இரண்டு கணக்கு இருந்தது; கோபி ஒன்று, சம்பளம் இன்னொன்று. என்பிஏ-வில் ஓர் அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. டிவாட்ஸின் பெரிய சம்பளம் ஏட்டிலிருந்து நீங்கினால், ஆர்லாண்டோவில் ஒப்பந்தம் முடிந்திருந்த ஷகீல் ஓ'நீலுக்கு இடம் பிறக்கும். போவதைவிட ஓய்வு பெறுவேன் என்றார் டிவாட்ஸ். அவரைச் சமாதானப்படுத்தி, இடம் போதாமல் இன்னும் இரண்டு வீரர்களை வான்கூவருக்கு அனுப்பி, ஜூலை 18 அன்று ஷகீலை ஏழாண்டுக்குச் சுமார் 12 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். 2000, 2001, 2002 கோப்பைகள் அந்த ஒரு மாத வேலையின் விளைச்சல். டிவாட்ஸும் பின்னர் சாக்ரமென்டோ அணியின் நிர்வாகி ஆனார். 2018 டிராஃப்டில் இரண்டாம் ஆளாக எடுக்கும் உரிமை கையில் இருக்க, ஐரோப்பாவிலிருந்து வந்த லூகா டான்சிச்சை விட்டுவிட்டு மார்வின் பேக்லியை எடுத்தார். இன்றும் அந்த ஊர் ரசிகர்களுக்கு அது ஆறாத வருத்தம்.

இத்தனை வென்றவருக்கு நிம்மதி இல்லை. முக்கியமான ஆட்டங்கள் நடக்கும்போது அரங்கைவிட்டு வெளியேறி, காரை எடுத்துக்கொண்டு சாலையில் சுற்றுவார். தோற்பதைப் பார்க்கும் திராணி அவருக்கு 1969-லேயே தீர்ந்திருந்தது. மன அழுத்தத்தோடு வாழ்நாளெல்லாம் போராடியதைத் தன்வரலாற்றில் மறைக்காமல் சொன்னார். அணி மீண்டும் கோப்பையைத் தொட்ட 2000-லேயே லேக்கர்ஸை விட்டுக் கிளம்பினார்.

2002-இல் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணிக்குப் போனார். பதினைந்து ஆண்டுக்கு மேலாகப் பயிற்சியாளர் பணியில் இல்லாத, 69 வயதான ஹூபி பிரவுனை அழைத்துவந்தார். 2003-04-இல் 50 வெற்றிகள். அந்த அணி முதல்முறையாகப் பிளேஆஃப் கண்டது. பிரவுனுக்கும் வெஸ்டுக்கும் அந்தப் பருவத்தின் விருதுகள்.

72 வயதில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஆலோசகர். 2014-இல் அந்த அணியின் கிளே தாம்ப்சனைக் கொடுத்து கெவின் லவ்வை வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது வெஸ்ட் கடுமையாக எதிர்த்தார். கிளேயின் தந்தை மைக்கல் தாம்ப்சனை 1987-இல் லேக்கர்ஸுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். கிளே தங்கினார். அடுத்த ஜனவரியில் ஒரே குவார்ட்டரில் 37 புள்ளிகள் எடுத்தார். ஜூனில் வாரியர்ஸ் 40 ஆண்டுகளுக்குப் பின் சாம்பியன்.

2017-இல், 79 வயதில், அவர் சேர்ந்தது பேய்லரின் கிளிப்பர்ஸில். ஸ்டெர்லிங் போய் ஸ்டீவ் பால்மர் உரிமையாளராகியிருந்தார். 2021-இல் அந்த அணி தன் வரலாற்றில் முதல்முறையாக மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றை எட்டியது. 2024 ஜூன் 12 அன்று 86 வயதில் காலமாகும் வரை வெஸ்ட் அங்கேதான் இருந்தார். அதே ஆண்டு, கூடைப்பந்துச் சாதனையாளர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேம் அவரை மூன்றாம் முறையாகச் சேர்த்துக்கொண்டது. 1980-இல் வீரராக, 2010-இல் ரோம் ஒலிம்பிக்ஸ் அணியில் ஒருவராக, இம்முறை நிர்வாகப் பணிக்காக.