சுவரில் ஒரு வரையாட்டுத் தலை

சென்ற ஆண்டு, மழைக்காலம் முடிந்த நேரம். பழனி மலையின் கீழ்ச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையொருவர் என்னைத் தேடி வந்தார். சிறுவயதில் என்னிடம் ஓதியவர்.

"ஹஜ்ரத், பாட்டனார் மவ்த்தாகி ஒரு மாதமாகிறது. அவர் சுட்ட வரையாட்டின் தலை கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பெட்டியில் அவருடைய ரைபிளும் இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் தலைக்கு நல்ல விலை பேசுகிறார். அத்தாவுக்கு விற்றுவிட எண்ணம். வேட்டை நம் மார்க்கத்தில் ஹலால்தானே? விற்றால் என்ன பிழை?"

கேள்வி எளிதாகத் தோன்றியது. விடை அத்தனை எளிதாக இல்லை. அவருடன் அந்த வீட்டிற்கே சென்றேன்.

வேட்டைக்காரர்களின் மலை

1845இல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். அதன்பின் வெள்ளையர் பலருக்கு இம்மலை கோடைவாசமாயிற்று. சிலருக்கு வேட்டைக்களமும் ஆயிற்று. 1860களில் இம்மலைகளை அளந்தும் வரைந்தும் அரசுக்கு அறிக்கை அளித்த டக்ளஸ் ஹாமில்டன் என்னும் படை அதிகாரி, பெயர்பெற்ற வேட்டைக்காரர். பெரிஜம் ஏரிக்கு அருகிலுள்ள 'ஃபோர்ட் ஹாமில்டன்' இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரில்தான் கோட்டை; அங்கே கோட்டை ஏதுமில்லை.

அக்காலத்து வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்பியது வரையாட்டைத்தான். சங்கப் புலவர்கள் 'வருடை' என்று பாடிய விலங்கு இதுவே. வயது முதிர்ந்த கடாவின் முதுகில் வெண்சாம்பல் நிறத்தில் சேணம் பூட்டினாற்போன்ற பட்டையொன்று தோன்றும். அத்தகைய கடாவை வீழ்த்துவதே பெருமையெனக் கருதினர். வரையாடு பாறை விளிம்பில் நின்று கீழ்நோக்கியே காவல் பார்க்கும். ஆகவே அதைத் தேடுவோர் விடியுமுன் மலையுச்சிக்கு ஏறி, மேலிருந்து கீழாக இறங்கி வருவர். நம் மாணவரின் பாட்டனாரும் 1960களில் உரிமம் பெற்று அவ்வாறே ஏறியவர்தாம்.

தோளுக்கு அளந்த துப்பாக்கி

மாணவர் பெட்டியைத் திறந்து காட்டினார். ஊர் திரும்பிய ஆங்கிலத் தோட்டக்காரர் ஒருவரிடம் பாட்டனார் வாங்கிய ரைபிள் அது. பின்னர் அதன் மரக்கட்டையைத் தம் கைக்கு ஏற்ப மாற்றிச் செதுக்கச் செய்திருக்கிறார்.

தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல், நல்ல துப்பாக்கிக் கம்மியர் மனிதனுக்கு அளவெடுப்பார். தோளிலிருந்து விசை தொடும் விரல்வரை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு உயரம், கன்னம் கட்டையில் எங்கே படிகிறது என்றெல்லாம் கணக்கிட்டு, வால்நட் மரத்தில் கட்டை கடைவர். இங்கிலாந்தின் ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் முதலான நிறுவனங்கள் இவ்வாறு ஆளுக்கேற்பச் செய்து தருவதில் புகழ்பெற்றவை. ஜிம் கார்பெட் 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காகப் பரிசாகப் பெற்றதும் ஒரு ரிக்பி ரைபிளே. இவ்விதம் செய்த துப்பாக்கி தோளில் வைத்தவுடன், கண் தேடுமுன்னே குறி நேராக நிற்கும்.

பேரர் அதை எடுத்துத் தோளில் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. பாட்டனார் நெடிய உருவம், இவர் குட்டை. ஒருவருக்காக அளந்து செய்தது மற்றவருக்கு உதவாது என்று எண்ணிக்கொண்டேன்.

பாடம் செய்யும் கலை

சுவரிலிருந்த தலையை இறக்கினோம். பின்பலகையில் மைசூர் வான் இஞ்சன் நிறுவனத்தின் பெயர் இருந்தது. 1900ஆம் ஆண்டையொட்டி யூஜின் வான் இஞ்சன் தொடங்கி, அவர் மைந்தர்கள் நடத்திய அந்நிறுவனம், விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்றிருந்தது. புலிகளும் சிறுத்தைகளும் மட்டுமே 40,000த்திற்கு மேல் அங்கே பாடம் செய்யப்பட்டன. 1999இல் அது மூடப்பட்டது. சகோதரர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர் 2013இல் நூறு வயதில் காலமானார்.

முற்காலத்தில் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைப்பார்கள். விலங்கு தலையணைபோல் உப்பி நிற்கும். வான் இஞ்சன் பட்டறையில் காகிதக்கூழால் உடலின் தசை மேடுபள்ளங்களை வார்த்தெடுத்து, பதனிட்ட தோலை அதன்மேல் போர்த்தினர். கண்ணாடிக் கண் பதித்து, உதடும் நாசியும் வண்ணம் தீட்டுவர். தோலும் கொம்பும் உண்மையானவை. உயிர் ஒன்றுதான் இல்லை, மற்றெல்லாம் இருக்கும்.

வீட்டார் ஓர் எச்சரிக்கையை மனத்திற்கொள்ள வேண்டும். பழைய காலத்தில் பாடம் செய்தோர் பூச்சி அரிக்காதிருக்கப் பாஷாணம் கலந்த பசையைப் பூசுவது வழக்கம். அதன் நஞ்சு பல ஆண்டுகளானாலும் நீங்குவதில்லை. குழந்தைகளை அத்தகைய பொருள்களைத் தொட விடலாகாது. தொட்டால் கைகழுவ வேண்டும்.

பாடம் செய்வதில் கல்விக்குரிய பயனும் உண்டு. கோடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் நிறுவிய கல்லூரியின் அருங்காட்சியகத்தில், இம்மலையின் விலங்குகளும் பறவைகளும் பாடம் செய்து வைக்கப்பட்டுள்ளன. அங்கே நிற்கும் பிள்ளை விலங்கைப் பற்றி அறிகிறது. கூடத்துச் சுவரில் பார்ப்பவரோ சுட்டவரைப் பற்றி மட்டுமே அறிகிறார்.

ஆகுமானதும் அதன் எல்லையும்

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். வேட்டை ஆகுமானது என்பதில் ஐயமில்லை. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் அதை அனுமதிக்கிறது. ஆயின் அதே அத்தியாயம் இஹ்ராம் உடையிலிருப்போர் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவதைத் தடுத்து, மீறினால் பரிகாரமும் விதிக்கிறது. மக்கா, மதீனா ஆகிய புனித எல்லைகளுக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் ஆகாது. உயிருள்ள பிராணியைக் குறிபார்க்கும் இலக்காக வைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள்.

ஆகவே வேட்டை என்பது உணவுக்கான சலுகை, பெருமைக்கான விளையாட்டன்று. இன்ன இடத்தில் ஆகாது, இன்ன நேரத்தில் ஆகாது என்று வேலியிடுவதும் நமக்குப் புதிதன்று. அரசு ஒரு காட்டைச் சரணாலயம் என்று அறிவிக்கும்போது நாம் வியப்படையக் காரணமில்லை.

வேலி ஏன் தேவைப்பட்டது என்பதையும் காண வேண்டும். வரையாட்டை வீழ்த்தியது துப்பாக்கி மட்டுமன்று. மலையுச்சிப் புல்வெளிகளில் வாட்டில், தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டனர். வாட்டில் மரப்பட்டை தோல் பதனிட உதவுவது. நம் சமுதாயத்தார் பலர் தோல் தொழிலில் இருந்தவர்கள். எனவே இச்செய்தி நமக்கும் தொலைவானதன்று. புல் போயிற்று; புல்லைத் தின்ற ஆடும் குறைந்தது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழகத்தில் 2024இல் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் கணக்கிடப்பட்டன. ஒரு சிற்றூரின் மக்கள் தொகைகூட இல்லை! 2013இல் கோடைக்கானல் வனவுயிரினச் சரணாலயமும் அமைக்கப்பட்டது.

சட்டம் கூறுவது

1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இடம்பெற்றுள்ளது. அதன் தலையை விற்பது குற்றம்; மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்த 90 நாள்களுக்குள் தலைமை வனவுயிரினக் காப்பாளருக்கு அறிவித்தாக வேண்டும். உரிமைச் சான்றிதழ் உள்ளவர் வேண்டாமெனில் ஒப்படைத்துவிடலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு வழி செய்துள்ளது. ஈட்டுத்தொகை கிடைக்காது. துப்பாக்கியின் உரிமமோ உரியவரோடு முடிந்துவிடும். வாரிசுகள் அதைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

இவற்றைக் கேட்டதும் அத்தாவின் முகம் வாடியது. விலை பேசியவர் சொன்ன தொகை சிறியதன்று. வீட்டில் ஒரு கல்யாணச் செலவும் காத்திருந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பட்டாப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் பாட்டனார் அந்நாளில் வனத்துறையிடம் பெற்ற உரிமைச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது.

"அவரே ஒழுங்காக எழுதிக்கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். நாம் ஒளித்து விற்பதா?" என்றார்.

ரைபிள் அந்த வாரமே காவல் நிலையத்திற்குச் சென்றது. தலையைப் பற்றி முறைப்படி அறிவித்து, பின்னர் ஒப்படைத்தனர். கல்யாணச் செலவுக்குத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டதாக அறிந்தேன்.

அண்மையில் அவ்வீட்டிற்குப் போயிருந்தேன். சுவரில் தலை தொங்கிய இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. "சுண்ணாம்பு அடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் ஹஜ்ரத். பிள்ளைகள் அது என்ன என்று கேட்கிறார்கள். கேட்டால்தானே சொல்ல முடியும்?" என்றார் என் மாணவர்.