டம்ளருக்குள் ஒரு வெற்றிடம்



2023 நவம்பர். அமெரிக்காவில் தீயில் எரிந்துபோன ஒரு காருக்குள் ஸ்டான்லி பிராண்ட் டம்ளர் ஒன்று அப்படியே நிற்கிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஐஸ் கட்டி சலசலக்கிறது! டிக்டாக்கில் அந்த வீடியோவைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அடுத்த சில வாரங்களில் புது நிற டம்ளருக்காகக் கடை வாசல்களில் கூட்டம் முண்டியடித்தது.

ஐஸைக் காத்தது பிராண்டின் பெயரோ நிறமோ அல்ல, வெற்றிடம். டம்ளருக்கு இரண்டு எவர்சில்வர் சுவர்கள். நடுவிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். காற்று இல்லாத இடத்தை வெப்பம் எளிதில் கடக்காது. 1892-இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் கண்ட உத்தி இது.

நம் ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திலும் இதே உத்திக்கு வேலை உண்டு. அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்க்கிறது. மங்கலான விண்மீன்களைப் பதிவுசெய்யும் சிசிடி கேமராக்களைக் குளிர்விக்க, மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் வேண்டும். அதைச் சேமித்து வைப்பது, இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் கொண்ட டூவர் குடுவைதான்.

மீண்டும் டம்ளருக்கு வருவோம். எவர்சில்வர் டம்ளர் செய்ய, தாது வெட்டுவதிலிருந்து உலை வரை நிறைய எரிசக்தி செலவாகிறது. ஒன்றையே பல ஆண்டுகள் பயன்படுத்தினால்தான் சுற்றுச்சூழலுக்கு நன்மை. நிறத்துக்கொன்றாக வாங்கி அடுக்காதீர்கள். வீட்டில் இருப்பதையே, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, தினமும் எடுத்துச் செல்லுங்கள்.