காது கேட்காத நாய்க்கு வேறு வீடு தேடும்போது

வீடு மாறுகிறார்கள், வெளிநாடு போகிறார்கள், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிடுகிறார். நாயை யாருக்காவது கொடுத்தாக வேண்டிய நிலை. நாய்க்கு நான்கைந்து வயதாகி, காதும் கேட்காது என்றால் கேட்டவர்கள் எல்லாம் கையை விரிப்பார்கள். "சோளிங்கர் மலையடிவாரத்தில் விட்டுவிடு, பக்தர்கள் போடுவதைத் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்று யோசனையும் சொல்வார்கள்.

பிழைக்காது. கார்த்திகை ஞாயிறுகளில் யோக நரசிம்மரைச் சேவிக்க வரும் வண்டிகள் ஹாரன் அடித்தால் அதற்குத் தெரியாது. அந்தத் தெரு நாய்கள் உறுமி எச்சரிப்பதும் கேட்காமல் நேராகப் போய்க் கடிபடும்.

அப்படி விடுவது குற்றமும்கூட. பட்டினியாலோ தாகத்தாலோ வதைபடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11 தண்டிக்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அறுபது ஆண்டு தாண்டியும் அந்தத் தொகை அப்படியே நிற்பது வேதனை. விஷம் வைத்துக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325இன்படி ஐந்து ஆண்டு வரை சிறை. இப்படி எதையாவது பார்த்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறவியிலேயே காது கேட்காத நாய்களில் பல வெள்ளை நிறத்தவை. நம் ராஜபாளையம் நாயும் டால்மேஷியனும் இதற்குப் பேர்போனவை. தோலுக்கு நிறம் தரும் அதே செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துபோகும். அதற்கு மருந்து இல்லை. ஆனால் வளர்ந்த நாய்க்குக் காதில் சீழ் கட்டியோ அழுக்கு அடைத்தோ கேட்காமல் போயிருந்தால் வைத்தியம் உண்டு. ஆகவே முதலில் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். நாய் அசந்து தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தரை அதிரக்கூடாது, காற்றும் படக்கூடாது. இரண்டையும் அது உடம்பாலேயே அறிந்துவிடும்.

வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போது காது கேட்காததை மறைக்கவே கூடாது. மறைத்தால் ஆபத்து புது வீட்டுக் குழந்தைக்குத்தான். தூங்கும் நாயைப் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். முதலில் மூக்கருகே உள்ளங்கையைக் காட்டி வாசனை பிடிக்கவிட்டு, பிறகு தோளை மெல்லத் தொட வேண்டும். அப்படியும் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

தோல் கிடங்குக்கோ மாந்தோப்புக்கோ காவலுக்கென்று கேட்பவரிடம் இந்த நாயைக் கொடுக்காதீர்கள். அது ஆள் வருவதை அறியாது. சங்கிலியிலேயே காலம் தள்ளும். சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள வீடு, பொறுமையான பெரியவர்கள், முடிந்தால் கூட ஒரு காது கேட்கும் நாய்: இது அமைந்தால் நிம்மதி. வெளியே போனால் கயிற்றில்தான்.

நாயோடு வெறிநாய்த் தடுப்பூசி அட்டையையும், கருத்தடை செய்த சான்றையும், அது பழகிய கைச்சாடைகளையும் எழுதிக் கொடுங்கள். 'வா'வுக்கு எந்தக் கை, 'உட்கார்'க்கு எந்த விரல், சாப்பாட்டுக்கு விளக்கை எத்தனை முறை அணைத்துப் போடுவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். புது வீட்டாருக்கு அந்தத் தாள்தான் அதன் மொழி.

காசு கொடுத்து வாங்கிய குட்டிக்குக் காது கேட்காதது பிறகு தெரியவந்தால், ரசீதும் மருத்துவர் சான்றும் வைத்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

கைமாற்றும்போது இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில், 'ஒத்துவராவிட்டால் நாயை என்னிடமே திருப்பித் தர வேண்டும், தெருவில் விடக்கூடாது' என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். முதல் ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு முறையாவது போன் செய்து விசாரியுங்கள்.