கை போகாத இடத்தில் ஒயர்

கடந்த ஆண்டு பல்கலைக்கழகத் தீபாவளிக் கலைநிகழ்ச்சியில், பாட்டின் நடுவே என் கிட்டார் ஊமையாகிப் போனது. ஒயரைச் செருகும் ஜாக்கின் நட்டு கழன்று, ஜாக் அப்படியே கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டது. அது செமி ஹாலோ வகை. பின்பக்கம் மூடி கிடையாது. உள்ளே போக ஒரே வழி, வயலினில் இருப்பதுபோல் மேல்பலகையில் வெட்டப்பட்ட எஃப் வடிவத் துளைதான். ஜாக் துளை வழியாக நூலை விட்டு, எஃப் துளையில் பிடித்து, ஜாக்கில் கட்டி மீண்டும் இழுக்க ஒரு முழு மாலை போனது.

இப்போது டியூஷன் சொல்லிக்கொடுத்து இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், அதே வகைக் கிட்டார் ஒன்றைச் செய்யக் கொடுத்திருக்கிறேன். விலையை எழுதமாட்டேன், அம்மா இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்.

உள்ளே முழுவதும் காலியான மின்கிட்டாருக்கு ஒரு தொல்லை உண்டு. சத்தத்தைக் கூட்டினால், ஒலிபெருக்கியின் அதிர்வு மேல்பலகையை ஆட்டி, அது மறுபடியும் பிக்கப்புக்குள் புகுந்து ஊளையிடும். 1940 வாக்கில் லெஸ் பால் ஒரு பைன் கட்டையில் தந்திகளைப் பூட்டி, பார்வைக்கு கிட்டார்போல் இருக்க இருபுறமும் காலி உடலின் பாதிகளை ஒட்டினார். 1958இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட ஈஎஸ்-335, நடுவில் மேப்பிள் கட்டை, இருபுறமும் காலி என்று அமைந்தது. ஊளை அடங்கியது, குரலில் காற்றோட்டமும் மிஞ்சியது.

நான் முதலில் கேட்டது, ஒரே பலகையில் செதுக்கிய மேல்பாகம். ஒட்டுப்பலகை என்றால் மலிவுச் சரக்கு என்பது என் எண்ணம். பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, அந்த 335இன் உடலே ஒட்டுப்பலகைதான் என்றார். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுவதால் ஈரப்பதம் மாறும்போது மரம் அதிகம் விரிந்து சுருங்காது. குளிரூட்டிய அரங்குக்கும் மழைக்கும் இடையே தினமும் அலையும் நம் ஊர் கிட்டாருக்கு அது போதும். நடுக்கட்டைக்கு மஹோகனி கேட்டேன். பெரிய இலை மஹோகனி 2003 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதற்குப் பதில் அவர் காட்டியது நம் நாட்டு ஞாத்தோ. வீட்டு நாற்காலியில் பார்த்த மரம்! பெரிய நிறுவனங்களே கிட்டார் உடலுக்கு அதைப் பயன்படுத்தியிருப்பதை அப்புறம்தான் அறிந்தேன். சம்மதித்தேன்.

மரம் இரண்டே நாளில் முடிவானது. ஒயரிங்தான் ஒரு மாதம் தின்றது.

ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிர் திசையில் வேலை செய்து, மின்சார இரைச்சலை ஒன்றையொன்று அடித்துவிடும். அதற்கு 500 கிலோ ஓம் குமிழ்கள். 250 போட்டால் உச்ச ஒலி மங்கும். டோன் மின்தேக்கி 0.022 மைக்ரோஃபாரட். அதை வால்யூம் குமிழின் உள்வரும் முனைக்குப் பதிலாக வெளியேறும் முனையில் இணைத்தால், சத்தத்தைக் குறைக்கும்போதும் தெளிவு அவ்வளவாகக் குறையாது. ஐம்பதுகளின் ஒயரிங் என்று இதற்குப் பெயர். உள்ளே முழுக்கக் கவசப் பூச்சு பூச முடியாததால், உலோகப் பின்னல் போர்த்திய ஒயர்தான் சரி.

பின்பக்கம் சிறு மூடி வெட்டலாமா என்று பட்டறைக்காரர் கேட்டபோது, பழைய அழகு கெட்டுவிடுமே என்று ஒரு வாரம் தயங்கினேன். வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் என் மாமாவிடம் படத்தைக் காட்டினேன். "கை போகாத எடத்துல ஒயர் போடக்கூடாது பாப்பா" என்றார். மூடிக்குச் சரி சொல்லிவிட்டேன்.

அவரே என் படத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள் போட்டிருக்கிறார். ஒன்று, ஹம்பக்கரை ஒற்றைச் சுருளாக்கும் இழுவைக் குமிழ். அது சாதாரணக் குமிழைவிட உயரம். மெல்லிய உடலுக்குள் அடங்குமா என்று அளக்கச் சொன்னார். மற்றொன்று, நான் மறந்தே போனது: தந்திகளைத் தரையிணைக்கும் ஒயர் போக நடுக்கட்டையில் ஒரு துளை. மேல்பலகையை ஒட்டுவதற்கு முன் துளைத்தாக வேண்டும்.

ஒட்டப் போவது அடுத்த வெள்ளிக்கிழமை. இன்றிரவே பட்டறைக்குப் புதிய படம் அனுப்புகிறேன்.